பீர்ப் பெட்டி வாங்கலாமா?

சென்ற ஆண்டு மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோர்ப்படி ரயில்வே குடியிருப்பில் வசிக்கும் நம் மூத்த நண்பர் ஒருவர் காலை பத்து மணியளவில் நம் இல்லத்திற்கு வந்தார். டீசல் எஞ்சின் பணிமனையில் நீண்ட காலம் உழைத்தவர். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டே எஞ்சியிருந்தது. அவருக்குப் பின்னால், இருபத்தாறு வயதுடைய அவர் மகன் ஓர் அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றான். பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "தம்பி, இதில் உள்ள ஆங்கிலத் தாளைப் படித்து, இது வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று சொல். இவன் இருக்கலாம் என்கிறான், இவன் அம்மா நேற்றிரவு முதல் சாப்பிடவில்லை" என்றார் நண்பர்.

பெட்டியைத் திறந்தோம். ஐந்து லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடம் ஒன்று, அதன் வாயில் பொருத்தும் நீர்ப்பூட்டு ஒன்று, ரப்பர்க் குழாய், வெப்பமானி, அடர்த்தி அளக்கும் மிதவை மானி, உடைத்த பார்லி முளைத் தானியம் ஒரு பை, ஹாப்ஸ் எனப்படும் கொடிப்பூவை உருட்டிச் செய்த பச்சை வில்லைகள், ஐந்தாறு கிராம் ஈஸ்ட் அடங்கிய சிறு உறை: இவ்வளவே உள்ளே இருந்தவை. புதிதாகப் பழகுவோர் வீட்டிலேயே பீர் தயாரிப்பதற்கான பெட்டி அது. நாலாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து வரவழைத்திருந்தான். ஹிஞ்சவாடியில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணி. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத பிள்ளை. பொங்கலுக்கு வரும் தோழர்களுக்குத் தன் கையால் செய்த பீரைக் கொடுக்கவேண்டும் என்பது அவன் ஆசை.

இத்தகைய பெட்டிகளைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களில் வேறு சிலரும் நம்மைக் கேட்டதுண்டு. ஆகவே அன்று நாம் படித்தறிந்ததையும், பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நம் கல்வி பத்தாம் வகுப்போடு நின்றதாயினும், விதிப் புத்தகம் படிப்பது எழுத்தர் தொழிலில் சரி பாதி என்பதை ரயில்வே அன்பர்கள் அறிவார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பீர் என்பது காய்ச்சி வடிக்கும் சரக்கன்று. புளிக்கவைத்து எடுக்கும் பானம். பார்லி முளைத்து வரும்போது, தன்னிடமுள்ள மாவைச் சர்க்கரையாக்கும் நொதிப் பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முளைத்ததை உலர்த்தி, உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவு சர்க்கரையாகிவிடும். வெப்பம் 75 டிகிரியைத் தாண்டினால் அந்த நொதிகள் அழிந்து, பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கஞ்சிதான் மிஞ்சும். வெப்பமானி பெட்டிக்குள் வைக்கப்பட்டிருப்பது அழகுக்காக அன்று.

இந்த இனிப்புச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடவேண்டும். பீரின் கசப்பு அப்பூவிலிருந்து வருவது. கெடுக்கும் நுண்ணுயிர்கள் சிலவற்றை வளரவிடாமல் தடுக்கும் குணமும் அதற்கு உண்டு. கொதித்த சாற்றை விரைவில் ஆறவைத்துக் குடத்தில் ஊற்றி, ஈஸ்ட் சேர்த்து, நீர்ப்பூட்டைப் பொருத்திவிட்டால் மனிதன் செய்யவேண்டிய வேலை அநேகமாக முடிந்தது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, ஏறக்குறைய பாதியை மதுவாகவும் மறு பாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இரண்டு வாரம் குடத்தில். பிறகு சிறிது சர்க்கரை சேர்த்துக் குப்பியில் அடைத்து மேலும் இரண்டு வாரம். ஆக, இன்று தொடங்கினால் ஒரு மாதம் கழித்துத்தான் வாயில் வைக்க முடியும். பொங்கலுக்கு இருபது நாளே இருந்த நிலையில் அந்தப் பிள்ளையின் கணக்கு அப்போதே பிசகிவிட்டது.

ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள் என்பதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் காலத்தில்தான். பீரைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் 1876-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பவேரிய நாட்டில் 1516-ஆம் ஆண்டில் பீருக்கென்று இட்ட பெயர் பெற்ற ஆணையில் பார்லி, ஹாப்ஸ், நீர் என்ற மூன்றே கூறப்பட்டிருந்தன, ஈஸ்ட் கூறப்படவில்லை. இத்தனைக்கும் வேலை முழுவதையும் செய்வது அதுவே.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இவையெல்லாம் புதுச் செய்தி அல்ல. இட்டிலி மாவு பொங்குவதும் இதே நுண்ணுயிர்க் குடும்பங்களின் கைங்கரியமே. அங்கே பெரும்பங்கு ஈஸ்டினுடையதன்று, புளிப்பேற்றும் பாக்டீரியாக்களுடையது என்பதுதான் வேறுபாடு. தமிழகத்தை விட்டுப் புனேக்கு வந்த முதல் மார்கழியில், மாவு காலையிலும் அரைத்தபடியே கல்லாக இருந்ததைக் கண்டு திகைக்காத குடும்பம் நம்மில் ஏது? போர்வை சுற்றினோம், அடுப்பருகே வைத்தோம், வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் ஏற்றினோம். வெப்பம் அறிந்து நுண்ணுயிரை வேலை வாங்கும் கலையில் நம் இல்லத்தரசிகள் எந்த ஜெர்மானியருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

தானியத்தை முளைகட்டி மது விளைவிப்பதும் தமிழ் நிலத்துக்கு அந்நியமானதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியில் இதன் செய்முறையே காணக் கிடக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய முளை அடையை அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயையுடைய சாடியில் வைத்து, விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். களி, ஆறவிடுதல், முளை, மூடிய சாடி, காத்திருத்தல், வடித்தல் என்று நண்பர் மகன் கொண்டுவந்த ஆங்கிலத் தாளில் இருந்த படிகள் அத்தனையும் அங்கே வரிசையாக உள்ளன. இதை நாம் எடுத்துச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததையும், அவன் தந்தையின் முகம் சுருங்கியதையும் குறிப்பிடவேண்டும். திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருப்பதை அவர் உடனே நினைவூட்டினார். இரண்டும் நம்முடையவைதாம்!

புனேக்கும் பீருக்கும் உள்ள உறவு பழையது. கிர்க்கி என்று ஆங்கிலேயர் அழைத்த நம் கட்கியிலேயே ஒரு பீர்த் தொழிற்சாலை இருந்தது. மீக்கின் என்னும் ஆங்கிலேயர் 1887-ஆம் ஆண்டில் சிம்லா, கசௌலி ஆலைகளை வாங்கி, பின்னர் ராணிகேத், டல்ஹௌசி, டார்ஜீலிங் முதலிய இடங்களோடு கிர்க்கியிலும், இலங்கையின் நுவரெலியாவிலும் ஆலைகள் நிறுவினார். வெள்ளைச் சிப்பாய்கள் எங்கே தங்கினார்களோ அங்கே பீர் ஆலையும் எழுந்தது என்பது இப்பட்டியலைப் பார்த்தாலே விளங்கும். தெற்கே நீலகிரியிலும் அவ்வாறே. அங்கிருந்த காசில் ஆலை உள்ளிட்ட ஐந்து ஆலைகளை 1915-ஆம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்பவர் ஒன்று சேர்த்ததுதான் யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தின் தொடக்கம். நம் காலத்தில், 2009-ஆம் ஆண்டு டூலாலி என்ற பெயருடைய சிறு பீர்ச்சாலை புனேயில் தொடங்கப்பட்டது; விற்கும் இடத்திலேயே பீர் தயாரிக்கும் வழக்கத்துக்கு இந்நாட்டில் வழிகாட்டிய முன்னோடிகளுள் அது ஒன்று. அதன்பின் இந்நகரில் அத்தகைய சாலைகள் பெருகின. இளைஞர்கள் அங்கே சென்று சுவைத்துவிட்டு, 'இதை நாமே செய்தால் என்ன?' என்று எண்ணுவது இயற்கையே.

இனி, பெட்டி விலைக்குத் தகுமா என்ற கேள்வி. அந்தக் குடத்திலிருந்து நாலரை லிட்டர் பீர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடிமண்டி போக, சிறு குப்பிகள் பதின்மூன்று தேறும். நாலாயிரத்து இருநூறை அதனால் வகுத்தால் குப்பி ஒன்றுக்கு முந்நூற்று இருபது ரூபாய்க்கு மேலாகிறது. குடமும் மானிகளும் மறுமுறைக்கும் பயன்படும் என்பது மெய். அடுத்த தடவை தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட் மட்டும் வாங்கினால் போதும். அதற்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று அத்தாளிலேயே கண்டிருந்தது. அப்போதும் குப்பி தொண்ணூறு ரூபாயைத் தாண்டும். எரிவாயு, தண்ணீர், ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து மணி நேரம் ஆகியவற்றை நாம் கணக்கில் எழுதவில்லை. பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி யாரும் இதில் இறங்கவேண்டாம். பெரிய அளவில், 23 லிட்டர் வரும் பெட்டிகள் வெளிநாடுகளில் பெரிதும் வழங்குகின்றன. தானியத்துக்குப் பதில் கெட்டியாக்கிய முளைச்சாறு தகர டப்பாவில் வரும். வெந்நீரில் கரைத்துச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்தால் போதும். அவற்றில் செலவு குறைவு. ஆயினும் சாற்றைக் காய்ச்சும் மணமும், கற்றுக்கொள்ளும் இன்பமும் அவற்றில் குறைவென்றே பழகியவர்கள் சொல்கிறார்கள்.

முதல் முயற்சி கெட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சுத்தக் குறைவு. சோப்பால் கழுவினால் போதாது. கொதித்து ஆறிய சாறு தொடும் ஒவ்வொரு பொருளையும் கிருமிநீக்கும் நீரில் நனைக்கவேண்டும். ஒரு குழாயின் உட்புறத்தை மறந்தால் பீர் காடியாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மிகுந்திருந்தால் மருந்துக்கடை நாற்றம் வரும். முதல்நாளே பிடித்துத் திறந்து வைப்பதோ, கொதிக்கவைத்து எடுப்பதோ நலம். இரண்டாவது காரணம் வெப்பம். சாதாரண வீட்டுப் பீர் வகைக்கு 18 முதல் 22 டிகிரி வரை ஏற்றது. புனேயின் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்குள் இது தானே அமையும். சித்திரையில் நாற்பதைத் தொடும்போது ஈஸ்ட் வெறி பிடித்தாற்போல் வேலை செய்து, தலைவலி தரும் கனத்த மதுக்களையும் அழுகிய பழ வாசனையையும் உண்டாக்கிவிடும். குளிர்பதனப் பெட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினாலன்றிக் கோடையில் முயல்வது வீண்.

குப்பி வெடிப்பதைப் பற்றி நாம் எழுதுவது ஏட்டுப் படிப்பால் அன்று. நாலாண்டுக்கு முன், நம் பிள்ளைகளுக்காக இஞ்சி பீர் செய்து பார்த்தோம். பெயரில்தான் பீர், இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட் அவ்வளவே, இரண்டு நாளில் குடித்து முடிக்கவேண்டிய பானம். ஆறு குப்பிகளில் அடைத்து அடுக்களை அலமாரியில் வைத்தோம். இரண்டு நாள் என்பது இரவுப் பணியின் காரணமாக ஐந்து நாளாயிற்று, மாதமோ சித்திரை. ஐந்தாம் நாள் நள்ளிரவில் பட்டாசு போல் ஓர் ஓசை. ஒரு நிமிடத்துக்குள் மற்றொன்று. விளக்கைப் போட்டுப் பார்த்தால், கூரையில் இஞ்சிச் சக்கை. ஊரிலிருந்து மாமியார் அனுப்பிய மாவடு ஜாடி முழுவதும் கண்ணாடித் துண்டு. சின்னவள் அன்று வழக்கமாகப் படுக்கும் அடுக்களை ஓரத்தில் படுக்காமல், காய்ச்சலென்று தாயருகே படுத்திருந்தாள். எஞ்சிய நான்கு குப்பிகளையும் கம்பளியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். நம் இல்லத்தார் மறுநாள் முழுவதும் நம்மிடம் பேசவில்லை. மாவடுவை மண்ணில் புதைத்ததைத்தான் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

காரணம் எளிது. புளித்தல் முடியுமுன் மூடியை அடைத்தால், வாயு வெளியேற வழியின்றிக் குப்பிக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதற்காகவே மிதவை மானி. சாற்றின் அடர்த்தி தொடக்கத்தில் 1.040 என்று காட்டினால், முடிவில் 1.010 அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 131 என்னும் எண்ணால் பெருக்கினால் மதுவின் விழுக்காடு ஏறத்தாழக் கிடைக்கும், இங்கே நான்கு. அசையாமல் நின்றபின், லிட்டருக்கு ஆறு முதல் எட்டு கிராம் வரை மட்டும் சர்க்கரை சேர்த்து, அழுத்தம் தாங்கும் பழுப்புக் குப்பியில் அடைக்கவேண்டும். பழுப்பு எதற்கென்றால், வெயிலொளி ஹாப்ஸைத் தாக்கித் துர்நாற்றம் உண்டாக்கும். மெல்லிய கண்ணாடிக் குப்பிகளை இதற்கு எடுப்பவர் நம்மைப் போல் கம்பளி தேடவேண்டி வரும்.

நண்பரின் துணைவியார் உண்ணாதிருந்ததற்குக் காரணம் வேறு. வீட்டில் செய்த மது என்றதும் அவர் நெஞ்சில் எழுந்தது கள்ளச்சாராயச் சாவு. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மும்பை மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மாண்டதை யார் மறப்பார்கள்? அவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர். ஆனால் அந்த மரணங்களுக்குக் காரணம் தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நச்சுப் பொருள். பார்லியும் ஈஸ்டும் சேர்ந்து புளிக்கும்போது அது தீங்கு செய்யும் அளவில் விளைவதில்லை; காய்ச்சி வடிக்கும் வேலையும் பீரில் கிடையாது. இதனை அவரிடம் நேரில் சென்று விளக்கினோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விஷம் இல்லை என்கிறீர்கள், சரி. குடி இல்லை என்று சொல்ல முடியுமா?" என்றார். முடியவில்லை. மதுவில் எந்த அளவும் உடலுக்குத் தீங்கற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் கூறியதையும் சேர்த்து ஒப்புக்கொண்டோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நண்பர் நம்மை நாடி வந்ததும் அதற்காகவே. மகாராஷ்டிரத்தில் மதுவைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். இப்போது மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று பெயர் பெற்றுள்ளது. தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கும் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டமா என்று புதிதாக வருவோர் வியப்பர். அதன் அமைப்பே விசித்திரமானது. முதலில் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு, பிறகு அனுமதிச் சீட்டாலும் உரிமத்தாலும் ஒவ்வொன்றாக விலக்கு அளிப்பது அதன் முறை. குடிப்பவருக்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அதில் அடங்கும். பீர் குடிக்க 21 வயதும், கடுமையான மதுவகைகளுக்கு 25 வயதும் நிரம்பியிருக்கவேண்டும். பால்சாரா என்பவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1951-ஆம் ஆண்டில் இச்சட்டத்தின் சில பகுதிகளைச் செல்லாதென்று தள்ளியபோதும், பெரும்பகுதியை நிலைநிறுத்தியது.

அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு மது உற்பத்தி செய்வதைத் தடுக்கிறது. உரிமம் பெற்ற ஆலைக்கும், உரிமம் பெற்ற சிறு பீர்ச்சாலைக்கும் விலக்கு உண்டு. தன் வீட்டில், தன் பயனுக்கு, ஐந்து லிட்டர் மட்டும் செய்பவனுக்கென்று அதில் தனி விலக்கு இல்லை. 65-ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மது உற்பத்தி செய்யும் நோக்கத்தோடு மூலப்பொருளையோ பாத்திரத்தையோ கருவியையோ வைத்திருப்பதுகூடக் குற்றம். ஆண்டுக் கணக்கில் சிறையும் அபராதமும் விதிக்கலாம். கண்ணாடிக் குடம் குற்றமன்று, பார்லி குற்றமன்று, விற்பவன் விற்றுவிட்டுப் போகிறான். ஆனால் 'பீர் செய்வதற்காக வாங்கினேன்' என்ற நோக்கம் சேர்ந்தவுடன் அதே குடம் வேறு பொருளாகிவிடுகிறது. மதுவென்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் மது கலந்த எல்லாத் திரவங்களும் அடங்கும். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் நம் இஞ்சி பீரும், கொஞ்சம் கடந்துபோன நீராகாரமும்கூடத் தப்புமா என்பது ஐயமே. அதற்காக எந்த அதிகாரியும் நம் அடுக்களைக்கு வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

"அண்ணா, நகரத்தில் எத்தனையோ பேர் செய்கிறார்கள், யாரைப் பிடித்தார்கள்?" என்று கேட்டான் நண்பர் மகன். நியாயமான கேள்விதான், நம்மிடம் நேரான விடை இல்லை. ஆனால் அவன் குடியிருப்பது தன் வீட்டில் அன்று. தந்தையின் பெயரில் ஒதுக்கப்பட்ட ரயில்வே குடியிருப்பில். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில், ஊழியர் தாம் இருக்கும் பகுதியில் நடைமுறையிலுள்ள மதுச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றவேண்டும் என்ற விதி இருக்கிறது. குப்பி வெடித்து அண்டை வீட்டார் கூடினாலும், மனத்தாபமுள்ள ஒருவர் மொட்டைக் கடிதம் எழுதினாலும், முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் தந்தையே. ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டு இருக்கும்போது துறை விசாரணை ஒன்று தொடங்கினால், பணிக்கொடை எத்தனை மாதம் இழுக்கும் என்பதைக் கோப்பு தள்ளும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை மறுமொழி கூறவில்லை. தந்தையும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "ஆசைப்பட்டு வாங்கிவிட்டான்" என்று நம்மைப் பார்த்துச் சொன்னார்.

நம் ஊரிலும் நிலைமை வேறன்று. ராஜாஜியின் அரசு 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் சட்டமே, எத்தனையோ திருத்தங்களுடன், இன்றும் தமிழ்நாட்டில் நிற்கிறது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்து, அரசே விற்பனை நடத்தும் காலம் வந்தபோதும், குடிமகன் தன் வீட்டில் தானே விளைவிக்க வழி திறக்கப்படவில்லை.

வெளிநாடுகளிலும் இந்த உரிமை எளிதில் வந்ததன்று. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் 1880-ஆம் ஆண்டில் கொண்டுவந்த மாற்றத்தால் வீட்டில் பீர் செய்வோரும் உரிமம் பெறவேண்டியிருந்தது. 1963-ஆம் ஆண்டில் நிதியமைச்சர் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டு மதுவிலக்கு ஒழிந்தபோது, வீட்டில் திராட்சை மது செய்ய வழி பிறந்தது, பீர் விடுபட்டது. அந்த விடுபாட்டைச் சரிசெய்ய நாற்பத்தைந்து ஆண்டு பிடித்தது! குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்திட்டபின், வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு நூறு கேலன் வரையிலும், இருவர் உள்ள வீட்டில் இருநூறு கேலன் வரையிலும் வரியின்றிச் செய்யலாம் என்றாயிற்று. விற்கத்தான் கூடாது. சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டு முதல் வீட்டுக்கு மாதம் முப்பது லிட்டர் வரை செய்துகொள்ளலாம். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

ஆகவே நம் கருத்து இது. சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில், குடிப்பழக்கத்துக்கு அடிமையாகாத ஒருவர், சமையலில் கைவைக்கும் ஆர்வத்தோடு ஒருமுறை செய்து பார்க்கச் சிறு பெட்டி தக்கதே, முதல் குடம் சுமாராகத்தான் இருக்கும், இரண்டாவதே தேறும். வீட்டில் குடியால் நலிந்தவர் ஒருவர் இருப்பின், எந்நாட்டிலும் வேண்டாம். புனேயில், அதிலும் அரசுக் குடியிருப்பில், இப்போதைய சட்டம் உள்ளவரை பெட்டியைத் திறக்காமல் இருப்பதே தகும். சட்டம் மாறவேண்டும் என்று எண்ணுவோர் அதற்கு மனுச் செய்யலாம். நாமும் கையெழுத்திடத் தயங்கோம். ஐந்து லிட்டர்க் குடத்தைக் கண்டு அஞ்சும் சட்டம், விதிப் புத்தகத்தை மதிக்கும் நமக்கே சற்று மிகையாகத்தான் படுகிறது.

நண்பர் மகன் தானியத்தையும் ஹாப்ஸையும் திருப்பி அனுப்ப முயன்றான். உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று விடை வந்தது. பார்லியை அவன் தாயார் வறுத்துக் கஞ்சி மாவோடு அரைத்துவிட்டார். கண்ணாடிக் குடத்தில் இவ்வாண்டு நெல்லிக்காய் ஊறுகிறது. ஆடி மாதத்தில் அவனுக்கு நிறுவனத்தார் சிங்கப்பூருக்கு மாற்றல் கொடுத்தார்கள். புறப்படும்போது வெப்பமானியையும் மிதவை மானியையும் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டினான். தந்தை பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

சென்ற வாரம் அவனிடமிருந்து செய்தி வந்தது. அங்கே ஆண்டு முழுவதும் புழுக்கம்; அறைத் தோழனோடு சேர்ந்து பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள் குடத்தை வைத்திருக்கிறானாம். தொடக்கத்தில் 1.042, பன்னிரண்டாம் நாள் 1.012, மூன்று நாளாக அசையவில்லையாம். குப்பியில் அடைக்கலாமா என்று நம்மைக் கேட்டிருந்தான். அடைக்கலாம் என்று எழுதினோம். குப்பிகளைப் படுக்கையறையில் வைக்கவேண்டாம் என்பதையும் எழுதினோம். அதே செய்தியில் தாயாருக்கும் ஒரு கேள்வி இருந்தது: அந்தக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் இட்டிலி மாவு நான்கு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடுகிறதாம், என்ன செய்வது என்று. அம்மையார் நம் கைப்பேசியை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்.